‘மைன் மன்’ தவறா? ஜெர்மன் ஆசிரியை ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் ஏ1 என்ற தொடக்க நிலை முதல் பி1 என்ற இடைநிலை வரை ஜெர்மன் கற்பிக்கிறேன். மாணவர்களில் பாதிப் பேர் ஜெர்மனிக்குப் போகக் காத்திருக்கும் செவிலியர்கள், மீதிப் பேர் பொறியியல் முடித்தவர்கள். குடும்பம் பற்றிய பாடத்தில் ஒரு மாணவர் “மைன் மன் ஹைஸ்ட் தோமாஸ்”, அதாவது “என் கணவர் பெயர் தோமாஸ்” என்று எழுதியிருந்தார். எழுதியவர் ஆண் என்பதால் ‘மன்’ என்பதை அடித்துவிட்டு ‘மைனெ ஃப்ராவ்’, அதாவது ‘என் மனைவி’ என்று சிவப்பு மையில் திருத்தினேன். அதற்குப் பிறகு அவர் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை. பாடநூலை மறுபடி புரட்டினேன். துணி தேய்ப்பது பெண், கார் பழுது பார்ப்பது ஆண், கணவன் மனைவி தவிர வேறு இணையே இல்லை. இது என் பிரமையா, நிஜமா? எப்படிச் சரிபார்ப்பது? சொல்லுக்கு நடுவில் நட்சத்திரக் குறி போடும் புதிய முறையைக் கற்பிக்க வேண்டுமா, தேர்வில் மதிப்பெண் போகுமா? அடுத்த பிரிவில் ஒரு திருநங்கை மாணவி சேர்கிறார். நிர்வாகியோ, “சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை, இதெல்லாம் எதற்கு?” என்கிறார்.

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்த ஏட்டை எடுங்கள். “மைன் மன் ஹைஸ்ட் தோமாஸ்” என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘மன்’ ஆண்பால் பெயர்ச்சொல், அதற்கு முன் ‘மைன்’ வருவதுதான் சரி. எழுதியவர் ஆணா பெண்ணா என்பது இந்த வாக்கியத்தின் இலக்கணத்தைத் தொடவே தொடாது. நீங்கள் மொழியைத் திருத்தவில்லை, அவருடைய வாழ்க்கையைப் பற்றிய உங்கள் ஊகத்தை எழுதிவிட்டீர்கள். ஆகவே திருத்தத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் “வாக்கியம் சரி, திருத்தியது என் தவறு” என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள். உண்மையிலேயே அப்படித்தான் எழுத நினைத்தாரா, இல்லை ‘மன்’, ‘ஃப்ராவ்’ இரண்டையும் குழப்பிக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். குழப்பிக்கொண்டிருந்தால் அவரே வந்து சொல்வார். நினைத்தே எழுதியிருந்தால், அந்தக் கேள்வி அவரை மூலையில் நிறுத்திவிடும். எந்த வகையானாலும் வாக்கியம் சரி என்பது மாறப்போவதில்லை.

இனி அந்தத் திருத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது உங்கள் கவனக்குறைவு மட்டுமல்ல, பாடநூல் பழக்கிய கை. வழக்கமான ஏ1 பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். “இவர் பீட்டர். ____ ஃப்ராவ் பெயர் அன்னா.” விடை: ஸைனெ. “இவர் பெட்ரா. ____ மன் பெயர் கார்ல்.” விடை: ஈர். உடைமை ஆணுக்கு என்றால் ‘ஸைன்’, பெண்ணுக்கு என்றால் ‘ஈர்’, பின்னால் வரும் பெயர்ச்சொல்லுக்கு ஏற்ப விகுதி. இங்கே இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும்: யாருடையது என்பது ஒன்று, பின்னால் வரும் சொல் என்ன பால் என்பது மற்றொன்று. ஆனால் புத்தகத்தில் எல்லா இணையும் ஆண் பெண் இணையாகவே இருந்தால் மாணவர் ஒரே முடிவில் தப்பித்துவிடலாம். பின்னால் ‘ஃப்ராவ்’ என்று பார்த்ததும் ‘ஸைனெ’, ‘மன்’ என்று பார்த்ததும் ‘ஈர்’. பத்துக்குப் பத்து வாங்குவார். விதியோ மனதில் ஏறியிருக்காது.

தமிழ் பேசுபவர்களுக்கு இந்தக் குறுக்குவழி இன்னும் எளிது. நாம் “அவருடைய மனைவி”, “அவருடைய கணவர்” என்கிறோம். மரியாதைப் பன்மையான ‘அவர்’ உடையவரின் பாலை மறைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுபவருக்கு உடையவரின் பாலைக் கவனிக்கும் பழக்கம் இருக்கும். தமிழ்வழியில் படித்து வந்த செவிலிய மாணவிக்கு அது புதிது. அவர் கண் தானாகவே பின்னால் வரும் சொல்லைத் தேடும்.

ஆகவே நான்கு வாக்கியங்களையும் கொடுங்கள். பீட்டர், ஸைனெ ஃப்ராவ். பீட்டர், ஸைன் மன். பெட்ரா, ஈர் மன். பெட்ரா, ஈரெ ஃப்ராவ். வரிசையைக் கலைத்து எட்டு வாக்கியங்களாக்கி ஐந்து நிமிடத்தில் நிரப்பச் சொல்லுங்கள். யார் விதியைப் புரிந்துகொண்டார், யார் ஊகத்தில் ஓட்டுகிறார் என்பது உடனே தெரிந்துவிடும். “பெட்ரா, ____ ஃப்ராவ்” என்ற இடத்தில் ‘ஸைனெ’ என்று எழுதியவர்களை மட்டும் தனியே உட்கார வைத்து விதியை மறுபடி சொல்லுங்கள். அண்ணன், அக்கா, வீடு, கார் என்று வரும் வாக்கியங்களிலும் இந்தச் சோதனை ஓரளவு நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் கணவன் மனைவி என்று வரும் இடத்தில்தான் ஊகம் மிக வலுவாக வேலை செய்கிறது, அதனால் அங்கேதான் அது அம்பலமாகும். நிர்வாகியிடம் பேசும்போது இதிலிருந்தே தொடங்குங்கள். ஒரே மாதிரிக் குடும்பத்தை மட்டும் காட்டும் பாடநூல் மொழியையே அரைகுறையாகக் கற்பிக்கிறது. நம் முதல் குறை அதுதான்.

இதே இடத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘மைன் ஃப்ராய்ன்ட்’ என்றால் பெரும்பாலும் காதலன், ‘மைனெ ஃப்ராய்ன்டின்’ என்றால் காதலி. வெறும் நண்பர் என்றால் ‘ஐன் ஃப்ராய்ன்ட் ஃபோன் மீர்’, அதாவது ‘என் நண்பர்களில் ஒருவர்’. பல ஏ1 நூல்கள் இதை ஒரு சிறு குறிப்போடு கடந்துவிடுகின்றன. “மைன் ஃப்ராய்ன்ட் கார்த்திக்” என்று தோழனைப் பற்றிச் சொல்லும் மாணவியும், அதையே சொல்லும் மாணவனும், கேட்கும் ஜெர்மானியருக்கு ஒரே செய்தியைத்தான் தருகிறார்கள். முதல் வாரத்திலேயே ‘ஃபோன் மீர்’ கொடுத்துவிடுங்கள். ‘பார்ட்னர்’, ‘பார்ட்னரின்’ என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்களைப் பற்றிப் பேச அங்கே அன்றாடம் தேவைப்படும்.

அடுத்தது, உங்கள் பிரமையா நிஜமா என்ற கேள்வி. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆங்கிலப் பாடநூல்களில் இப்படி எண்ணும் வேலையை 1978இல் ஹார்ட்மன், ஜட் என்ற ஆய்வாளர்களும், 1984இல் போரெக்காவும் செய்துகாட்டினார்கள். அவர்கள் வழி இன்றும் பயன்படுகிறது. முழு நூலையும் எண்ண வேண்டாம். குடும்பம், வேலை, வீட்டு வேலை, மருத்துவமனை என்ற நான்கு பாடங்கள் போதும். ஒரு பாடத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

ஒரு தாளில் ஆண், பெண், தெரியவில்லை என்று மூன்று கட்டம் போடுங்கள். பெயரோடு வருபவர்கள் எத்தனை பேர் என்று முதலில் குறியுங்கள். இங்கே பெரும்பாலும் சமமாகவே வரும், ஏனென்றால் பதிப்பகங்கள் இதைக் கவனிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சமம் என்று வந்ததும் தாளை மூடிவிடாதீர்கள். அடுத்து உரையாடலை முதலில் தொடங்குபவர் யார், மொத்தம் எத்தனை முறை பேசுகிறார் என்று எண்ணுங்கள். பிறகு முக்கியமான ஒன்று: யார் கேட்கிறார், யாருக்குத் தெரிந்திருக்கிறது? ரயில் நேரம், கணினிக் கோளாறு, வங்கி விவரம் எல்லாவற்றையும் ஒரே பால் விளக்கிக்கொண்டிருந்தால் பெயர் எண்ணிக்கை சமமாக இருப்பதில் பயனில்லை. ‘ஹெர் உன்ட் ஃப்ராவ்’ (திருவாளரும் திருமதியும்) என்பது போல இருவரைச் சேர்த்துச் சொல்லும்போது யார் பெயர் முதலில் வருகிறது என்பதையும் குறியுங்கள். ஆய்வாளர்கள் 1970களிலேயே இதைத் தனி அளவுகோலாக வைத்தார்கள். கடைசியாக வினைச்சொற்கள். பெண்ணின் பெயருக்குப் பின் வரும் வினைகளை ஒரு நிரலிலும் ஆணின் பெயருக்குப் பின் வருபவற்றை இன்னொரு நிரலிலும் எழுதுங்கள். ‘பூகெல்ன்’ என்ற துணி தேய்ப்பதும் ‘ஐன்காவ்ஃபன்’ என்ற கடைக்குப் போவதும் ஒரு நிரலிலும், ‘ரெபரீரன்’ என்ற பழுது பார்ப்பதும் ‘ஃபெர்டீனன்’ என்ற சம்பாதிப்பதும் மற்ற நிரலிலும் குவிந்திருந்தால் பிரமை இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். முன்னொட்டு தனியே பிரிந்து நிற்கும் ‘பிரியும் வினைகளை’ப் பழக்கும் பாடம்தான் பெரும்பாலும் இதில் மோசம். ‘ஆவ்ஃப்ராய்மன்’ (ஒழுங்குபடுத்துவது), ‘அப்வாஷன்’ (பாத்திரம் கழுவுவது) என்று வினைகளே வீட்டு வேலையைச் சுற்றி வருவதால், படம் வரைபவர் யோசிக்காமல் பெண்ணை வரைந்துவிடுகிறார்.

இணைகளை எண்ணுவது சுலபம். ஆண் பெண் இணை எத்தனை, தன்பால் இணை எத்தனை, தனியாகக் குழந்தை வளர்ப்பவர் எத்தனை, தனியாக வாழ்பவர் எத்தனை. தன்பால் இணை ஒன்று இருந்தால், அவர்களுக்குப் பெயர் இருக்கிறதா, பிந்தைய பாடங்களில் மறுபடி வருகிறார்களா என்று பாருங்கள். ஒரே ஒரு புகைப்படத்தில் தோன்றிவிட்டுக் காணாமல் போகும் இணை வெறும் அலங்காரம்.

புத்தகம் அச்சான ஆண்டையும் பாருங்கள். ஜெர்மனியில் தன்பாலினத் திருமணத்துக்கான சட்டத்தை நாடாளுமன்றம் 30.6.2017 அன்று 393க்கு 226 என்ற வாக்கில் நிறைவேற்றியது, 1.10.2017 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரியாவில் 1.1.2019, சுவிட்சர்லாந்தில் 1.7.2022. அதாவது ஜெர்மன் பேசும் மூன்று நாடுகளிலும் “மைன் மன்” என்று ஓர் ஆண் சொல்வது இன்று சட்டபூர்வமான குடும்ப நிலை. 2017க்கு முன் அச்சான நூலை இன்னும் நகல் எடுத்து ஓட்டுகிறீர்கள் என்றால், யூரோவுக்கு முந்தைய மார்க் நாணயத்தைக் காட்டிப் பணம் எண்ணக் கற்பிப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

படிவங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் மாணவர்கள் அங்கே போய் இறங்கியதும் முதலில் பார்க்கும் ஜெர்மன், கதையோ உரையாடலோ அல்ல, படிவம். ‘ஃபமீலியென்ஷ்டான்ட்’ என்ற இடத்தில் லேடிஹ், ஃபெர்ஹைராடெட், கெஷீடன், ஃபெர்விட்வெட் என்று மணமாகாதவர், மணமானவர், மணவிலக்கு பெற்றவர், துணையை இழந்தவர் என்ற நான்கும் பெரும்பாலான நூல்களில் இருக்கும். பதிவு செய்யப்பட்ட துணைவாழ்வு என்ற ‘லேபன்ஸ்பார்ட்னர்ஷாஃப்ட்’ பெரும்பாலும் இருக்காது. 2001 ஆகஸ்டு முதல் 2017 வரை தன்பால் இணைகளுக்கு இருந்த சட்ட வடிவம் அது. புதிதாக இப்போது பதிவு செய்ய முடியாது, ஆனால் பழைய பதிவுகள் செல்லும் என்பதால் படிவங்களில் சொல் நீடிக்கிறது. ‘கெஷ்லெஹ்ட்’ என்ற பாலினக் கட்டத்தில் ஆண், பெண் என்பதோடு, இரண்டிலும் சேராதவருக்கான ‘டிவெர்ஸ்’ என்பதும் வரும். அரசமைப்பு நீதிமன்றம் 2017இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு 2018 டிசம்பரில் சட்டமானது அது. வேலை விளம்பரங்களில் பதவிப் பெயருக்குப் பின் எம், வே, டே என்று மூன்று எழுத்துகள் அடைப்புக்குள் இருக்குமே, அந்த டே இதுதான். பொறியியல் மாணவர்கள் அதை ஏதோ பட்டப்படிப்புத் தகுதி என்று நினைத்து மிரள்வதுண்டு. இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைக்கலாம்.

செவிலியர்களுக்கு இது இன்னும் நெருக்கமானது. நோயாளியைச் சேர்க்கும்போது ஆண் நோயாளியிடம் “உங்கள் மனைவி பெயர் என்ன?” என்று கேட்கும் உரையாடலைப் பழக்காதீர்கள். “வேன் டூர்ஃபன் வீர் இம் நோட்ஃபால் ஆன்ரூஃபன்?”, அதாவது “அவசரத்தில் யாரை அழைக்கலாம்?” என்று பழக்குங்கள். ‘ஆன்கெஹோரிகெ’ என்ற சொல் நெருங்கிய உறவினர் அனைவருக்கும் பொது. வகுப்பிலேயே பாத்திரம் ஏற்றுச் செய்யும்போது ஒரு அட்டையில் “நோயாளி: ஹெர் வேபர், 58 வயது. அழைக்க வேண்டியவர்: கணவர், யுர்கன்” என்று எழுதிவையுங்கள். அங்கே பணியிடத்தில் முதல் முறையாகக் கேட்டு, தான் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று பதறி, “மனைவியா?” என்று திருப்பிக் கேட்பதைவிட இங்கே ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. நோயுற்றுப் படுத்திருப்பவருக்கு அந்தத் திருப்பிக் கேட்டல் வலிக்கும்.

தொழிற்பெயர்களில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. தமிழில் மருத்துவர், செவிலியர், பொறியாளர் எல்லாம் இருபாலுக்கும் பொது. அந்தப் பழக்கத்தில் பெண் மாணவிகள் “இஹ் பின் இன்ஷெனியோர்” என்று சொல்லிவிடுகிறார்கள். ‘இன்ஷெனியோரின்’ என்று ‘இன்’ விகுதி வேண்டும். பழைய கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்த பெண்கள் சிலர் இன்றும் விகுதி இல்லாமல் சொல்வதுண்டு, கேட்டால் குழம்ப வேண்டாம். இரண்டாவது தவறு நாம் கொடுக்கும் சொற்பட்டியலில் இருக்கிறது. ‘ஆர்ட்ஸ்ட்’ என்பதற்கு ‘மருத்துவர்’, ‘ஏர்ட்ஸ்டின்’ என்பதற்கு ‘பெண் மருத்துவர்’ என்று எழுதுகிறோம். அப்படி எழுதினால் ஆண்தான் மருத்துவர், பெண் என்பது ஒரு விலக்கு என்று ஆகிவிடுகிறது. ‘ஆண் மருத்துவர்’, ‘பெண் மருத்துவர்’ என்று இரண்டுக்கும் அடை கொடுங்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் ‘மருத்துவர்’ என்றே எழுதி, பக்கத்தில் ஆ, பெ என்று குறியுங்கள்.

‘க்ரான்கன்ஷ்வெஸ்டர்’ என்ற பழைய சொல்லைச் செவிலியர்களுக்கு முதற்சொல்லாகக் கொடுக்கும் நூல் உங்களுடையது என்றால், அதைத் திருத்தியே ஆக வேண்டும். ‘ஷ்வெஸ்டர்’ என்றால் சகோதரி, ஆண் செவிலியருக்கு அதில் இடமே இல்லை. 2004 முதல் சட்டப்படியான பெயர் மாறிவிட்டது. 1.1.2020இல் நடைமுறைக்கு வந்த செவிலியத் தொழிற்சட்டத்தின்படி இன்றைய பெயர் ‘ப்ஃப்ளேகஃபாக்ஃப்ராவ்’, ஆணுக்கு ‘ப்ஃப்ளேகஃபாக்மன்’. ‘ப்ஃப்ளேகஃபாக்பெர்ஸோன்’ என்ற பொதுச்சொல்லும் புழங்குகிறது. வேலை ஒப்பந்தத்திலும், தகுதி ஏற்பு ஆவணத்திலும் இந்தப் பெயர்கள்தான் வரும். வயதான நோயாளிகள் “ஷ்வெஸ்டர்!” என்று கூப்பிடுவார்கள், ஆகவே பழைய சொல் காதில் விழுந்தால் புரிய வேண்டும், எழுத வேண்டியது புதிய சொல். இதே 2020இல் வந்த பிரசவத் தாதியர் சட்டம் ‘ஹேபம்மெ’ என்ற பெண்பால் சொல்லையே ஆணுக்கும் உரிய தொழிற்பெயராக ஆக்கிவிட்டது. ஆண்பாலே எப்போதும் பொதுப்பாலாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பில் கிடைக்காது.

நட்சத்திரக் குறிக்கு வருவோம். ‘லேரர்*இன்னன்’ என்று எழுதினால் ஆண் ஆசிரியர், பெண் ஆசிரியர், இரண்டிலும் தன்னைச் சேர்க்காதவர் என எல்லோரும் அடக்கம். நட்சத்திரத்துக்குப் பதில் முக்காற்புள்ளி போடுபவர்களும் உண்டு. வாய்விட்டுப் படிக்கும்போது அந்த இடத்தில் சிறிய நிறுத்தம் வரும். ஜெர்மன் எழுத்துமுறைக் கவுன்சில் 26.3.2021 அன்று இதை அதிகாரபூர்வ விதிகளில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது, 2023 ஜூலையிலும் அந்த நிலையை மாற்றவில்லை. பவேரியா மாநிலம் 1.4.2024 முதல் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் இதைத் தடை செய்திருக்கிறது. இன்னொரு பக்கம், பல பல்கலைக்கழகங்களும் நகராட்சிகளும் தங்கள் கடிதங்களில் இதைப் பயன்படுத்துகின்றன. ஆகவே உங்கள் மாணவர்கள் படித்தால் புரிந்துகொள்ள வேண்டும், தேர்வில் எழுத வேண்டாம். ஏ2வில் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு பல்கலைக்கழக அறிவிப்பையும் ஒரு வேலை விளம்பரத்தையும் காட்டினால் போதும்.

தேர்வில் ‘கொலேகின்னன் உன்ட் கொலேகன்’ (சக பணியாளர்கள், பெண்களும் ஆண்களும்) என்று இரண்டு வடிவத்தையும் முழுதாக எழுதச் சொல்லுங்கள். முழுக்க விதிக்கு உட்பட்டது, யாராலும் பிழை சொல்ல முடியாது. கோதே நிறுவனத்தின் பி1 எழுத்துத் தேர்வில் 80 சொல் மின்னஞ்சல் ஒன்று, 80 சொல் கருத்துரை ஒன்று, 40 சொல் முறைசார் மின்னஞ்சல் ஒன்று என்று இருப்பதால் இரட்டை வடிவம் சொல் எண்ணிக்கைக்கும் கைகொடுக்கும். ‘ஷ்டுடீரென்டெ’, அதாவது ‘படிப்பவர்கள்’ என்பது போன்ற பொது வடிவங்கள் இன்னும் நல்லது, ஆனால் பன்மையில் மட்டும்தான் பால் மறையும் என்பதைச் சொல்லிவிடுங்கள். ஒருமைக்கு வந்ததும் பெயர்ச்சொல்லுக்கு முன் ஆண்பால் ‘டேர்’ அல்லது பெண்பால் ‘டீ’ வந்து பாலைக் காட்டிக்கொடுத்துவிடும், மாணவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். ‘டீ பெர்ஸோன்’ (ஆள்), மூன்றாவது பாலான ‘டாஸ்’ வரும் ‘டாஸ் மிட்க்ளீட்’ (உறுப்பினர்), ‘டீ லேர்க்ராஃப்ட்’ (ஆசிரியர்) போன்ற சொற்களின் இலக்கணப் பால், ஆளின் பாலைப் பொறுத்தது அல்ல. “டாஸ் மேட்ஷன் என்கிறார்களே, பெண்பிள்ளை அஃறிணையா?” என்று ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் கேட்பார். ‘ஷன்’ என்ற சிறுமை விகுதி சேர்ந்தால் எந்தச் சொல்லும் ‘டாஸ்’ ஆகிவிடும் என்ற விதியைச் சொல்லி, திணை வேறு, ஜெர்மன் பால் வேறு என்று அங்கேயே பிரித்துக்காட்டுங்கள்.

பிரெஞ்சு கற்பிக்கும் உங்கள் சக ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். தொழிற்பெயர்களின் பெண்பால் வடிவங்களைப் பிரெஞ்சு அரசு 1986இலேயே சுற்றறிக்கையில் பரிந்துரைத்தது. பிரெஞ்சு அகாதமி ஏற்றுக்கொண்டது 2019 பிப்ரவரியில். மணமாகாத பெண்ணைக் குறிக்கும் ‘மத்மவாஸெல்’ அரசுப் படிவங்களிலிருந்து நீங்கியது 2012இல். பழைய நூலை வைத்திருப்பவர்கள் இவற்றை மட்டுமாவது சரிபார்க்கட்டும்.

இப்போது மாற்றங்களைச் செய்யும்போது என்ன கெடும் என்று பார்ப்போம். எல்லோரும் முதலில் செய்வது பெயரை மாற்றுவது. ‘அன்னா சமைக்கிறாள்’ என்பதை ‘பீட்டர் சமைக்கிறான்’ என்று ஆக்கியதும் ‘ஸீ’ (அவள்) எல்லாம் ‘ஏர்’ (அவன்) ஆக வேண்டும், ‘ஈர்’ எல்லாம் ‘ஸைன்’ ஆக வேண்டும், பின்னால் உள்ள விடைப்பட்டியலும் மாற வேண்டும். ஒன்றை விட்டாலும் மாணவர் குழம்பி, உங்கள் மாற்றத்தையே குறை சொல்வார். ஒலிப்பதிவு உள்ள உரையாடலைத் தொடாதீர்கள். தாளில் பெட்ரா, ஒலியில் ஆண் குரல் என்றால் கேட்டல் பயிற்சியே பாழ். படிக்கும் பகுதியையும் பாத்திர அட்டைகளையும் மட்டும் மாற்றுங்கள். அதையும் நூல் பக்கத்தைத் திருத்தி நகலெடுத்துச் செய்ய வேண்டாம், உரிமைச் சிக்கல் வரும். சொந்தமாக ஒரு பக்கத் துணைத்தாள் தயாரியுங்கள்.

ஆண் சமைக்கும் படத்தைப் போட்டு, சட்டியைக் கருக்கிவிட்டான் என்று சிரிக்க வைக்கும் பாடங்கள் உண்டு. அது பழைய எண்ணத்தையே இன்னும் ஆழமாகப் பதிக்கும். அவன் சாதாரணமாகச் சமைக்கட்டும், சாப்பாடு நன்றாக இருக்கட்டும், யாரும் வியக்க வேண்டாம். அதேபோல் தன்பால் இணையை ‘சகிப்புத்தன்மை’ என்ற தலைப்பில் தனிப்பாடமாக வைக்காதீர்கள். வீடு மாறுகிறார்கள், அலமாரி வாங்குகிறார்கள், ரயிலைத் தவறவிடுகிறார்கள் என்று மற்றவர்களைப் போல வரட்டும். மேல், கீழ், பக்கத்தில் போன்ற முன்னிடைச்சொல் பயிற்சிக்கு அலமாரியை எங்கே வைப்பது என்று இரண்டு பெண்கள் பேசிக்கொண்டால் போதும்.

பி1இல் விவாதம் வரும்போது மிகக் கவனம் வேண்டும். “தன்பாலினத் திருமணம் சரியா, தவறா” என்று தலைப்புக் கொடுத்தால், வகுப்பில் இருக்கும் ஒருவரை அவர் எதிரிலேயே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். கருத்துச் சொல்லும் சொற்றொடர்களைப் பழக்குவதுதான் நோக்கம் என்றால் “பள்ளிகளில் நட்சத்திரக் குறியைத் தடை செய்யலாமா” என்று கொடுங்கள். ஜெர்மனியில் உண்மையாக நடக்கும் விவாதம் அது, இரண்டு பக்கமும் பேச ஏராளமாக இருக்கிறது, யாருடைய வாழ்க்கையும் பந்தயமாக வைக்கப்படுவதில்லை.

நல்ல பாடத்தையும் ஆசிரியரின் ஒரு சிரிப்பு கெடுத்துவிடும், மோசமான பாடத்தையும் ஆசிரியரின் ஒரு கேள்வி காப்பாற்றிவிடும். ஜேன் சண்டர்லண்ட் போன்ற ஆய்வாளர்கள் பாடநூலோடு நிற்காமல், அதைச் சுற்றி ஆசிரியர் பேசும் பேச்சையும் ஆராய்ந்தது இதனால்தான். “ஹஸ்ட் டு ஐனன் ஃப்ராய்ன்ட்?”, “உனக்குக் காதலன் உண்டா?” என்று பெண்ணிடம் கேட்டு வகுப்பைக் கலகலப்பாக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சொல்ல விரும்பாதவர் பொய் சொல்ல நேர்கிறது, பொய்யில் பழகும் வாக்கியம் நாவில் நிற்பதில்லை. குடும்பப் பாடத்தில் இரண்டு வழியைத் திறந்துவையுங்கள்: சொந்தக் குடும்பம், அல்லது அட்டையில் உள்ள கற்பனைக் குடும்பம். யார் எதைத் தேர்ந்தார் என்று கேட்க வேண்டாம். ஏ1 தேர்வின் பேச்சுப் பகுதியில் தன்னை அறிமுகம் செய்யக் கொடுக்கும் குறிப்புகள் பெயர், வயது, நாடு, வசிக்குமிடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்ற ஏழுதான். திருமணமானவரா என்பது அதில் இல்லை. நாம்தான் வகுப்பில் தேவையில்லாமல் சேர்த்துக்கொள்கிறோம்.

வரப்போகும் திருநங்கை மாணவியிடம் முதல் வகுப்புக்கு முன்பே தனியாக, எல்லா மாணவர்களிடமும் கேட்பதுபோல, வருகைப் பதிவில் எந்தப் பெயரில் கூப்பிடலாம் என்று கேளுங்கள். அவர் ‘ஸீ’ என்றால் ‘ஸீ’, ‘ஷ்டுடென்டின்’ (மாணவி) என்றால் ‘ஷ்டுடென்டின்’. ஆண் பெண் என்று இரு அணி பிரிக்கும் விளையாட்டை விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம் என்று பிரியுங்கள். ‘ஏர்’, ‘ஸீ’ இரண்டும் வேண்டாம் என்பவர் யாராவது வந்தால், ஜெர்மனில் எல்லோரும் ஏற்ற மூன்றாவது சுட்டுப்பெயர் இன்னும் அமையவில்லை, பெயரையே திரும்பச் சொல்வதுதான் தொடக்க நிலையில் எளிது. தமிழில் நமக்கு ‘அவர்’ என்ற வரம் இருக்கிறது, விளக்கம் தமிழில் சொல்லும்போது எல்லோருக்கும் ‘அவர்’ போடுங்கள்.

அருஞ்சொற்களுக்குத் தமிழ் கொடுக்கும்போதும் கவனியுங்கள். தன்பாலீர்ப்பு உள்ள ஆணையும் பெண்ணையும் குறிக்கும் ‘ஷ்வூல்’, ‘லெஸ்பிஷ்’ என்ற சொற்களுக்கு ‘ஓரினச்சேர்க்கை’ என்று எழுதினால் ஓர் ஆளைச் செயலாகச் சுருக்கிவிடுகிறோம். தன்பாலீர்ப்பு, திருநர், திருநம்பி, ஊடுபால் போன்ற சொற்கள் இருக்கின்றன. சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசே 2022இல் இதற்கென ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ‘ஷ்வூல்’ என்பதை ஜெர்மன் இளைஞர்கள் சிலர் வசையாகவும் சொல்வார்கள், தன்னைப் பற்றிச் சொல்லும்போது அது இயல்பான சொல். இந்த வேறுபாட்டையும் சொல்லிக்கொடுங்கள்.

நிர்வாகிக்குச் சொல்ல வேண்டியது நேரக் கணக்கு. நான்கு வாக்கிய உடைமைப் பயிற்சி ஐந்து நிமிடம், ஏற்கெனவே நடத்தும் இலக்கணத்தின் இடத்தில்தான் வருகிறது. படிவச் சொற்கள் பத்து நிமிடம். நோயாளி அட்டை, ஏற்கெனவே நடத்தும் உரையாடலில் ஒரு பெயர் மாற்றம். நட்சத்திரக் குறி பத்து நிமிடம். மொத்தத்தில் ஏ1, ஏ2 இரண்டுக்கும் சேர்த்துக் கூடுதலாக அரை மணி நேரம்கூட ஆகாது. ஐரோப்பிய கவுன்சில் மொழித்தரச் சட்டகத்தின் துணைத் தொகுதியை 2020இல் வெளியிட்டபோது, தர விளக்கங்கள் அனைத்தையும் பால் சாராத நடையில் மாற்றி எழுதியது. அவர் மதிக்கும் ஏ1, பி1 என்ற அளவுகோலே அந்தச் சட்டகத்திலிருந்து வந்ததுதான் என்பதையும் சொல்லிவையுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும் பெயர், தேர்வு நாளில் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயராக இருக்க வேண்டும், சான்றிதழிலும் அதுவே அச்சாகும். அந்த மாணவி பெயரையும் பாலினத்தையும் ஆவணங்களில் மாற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தால், முதலில் 2019 திருநர் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்று, பிறகு ஆதார், அதன்பின் பாஸ்போர்ட் என்ற வரிசை முடிந்த பிறகே தேர்வுக்குப் பதிய வேண்டும். பாதியில் பதிந்தால் மொழிச் சான்றிதழ் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் இன்னொரு பெயரிலும் நின்று விசா விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும். சேர்க்கைப் படிவம் நிரப்பும் அன்றே அவரிடம் இதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.